முதல் குடித்தனம்

பல் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவள் வேலை. மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாக உட்காருகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அங்கே எல்லோருக்கும் அவள் பல்லக்கா. ஒரு பல் மயிரிழை தூக்கி நின்றாலும் பிடுங்கிவிட்டு மறுபடி நடுகிற ஆள். அப்படிப்பட்டவள்தான் வீட்டு விஷயத்தில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டாள்.

அவளும் கணவனும் சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் சின்ன வீடு ஒன்றை வாங்கியிருந்தார்கள். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. யோசனை சொன்னது அக்கா வீட்டுக்காரர். அத்தானுக்கு ஏற்கெனவே நாலைந்து வீடுகள் வாடகையில் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் வாயைத் திறந்தால் பாடம்தான். நமக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து வீடு வாங்கக் கூடாது, ஆள் குடிவருமா என்று பார்த்து வாங்க வேண்டும். வருஷத்தில் கொஞ்ச நாள் பூட்டித்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே தவணைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்களுக்கு விடவே கூடாது. பேசியது எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் நல்ல பாடங்கள்தான். பல்லக்கா ஒன்றுவிடாமல் கேட்டு நடந்தாள்.

ஆனால் வீடு பூட்டிக் கிடக்கும் என்று காதால் கேட்பது வேறு, பூட்டிக் கிடக்கிற வீட்டைப் போய்ப் பார்ப்பது வேறு. வேலை முடிந்து தினமும் அங்கே போய் ஜன்னலைத் திறப்பாள், தரையைத் துடைப்பாள், பூட்டிக்கொண்டு வருவாள். ராத்திரி தூக்கம் வராது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கூட அவள் அப்பா, காது சரியாகக் கேட்காத மனிதர். பேச்சு நறுக்கென்று இருந்தது. வாடகையில் பேரம் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள். இன்னொரு சாவி உங்களிடம் இருக்கட்டும், ஆனால் சொல்லாமல் வந்து கதவைத் திறக்கக் கூடாது. அது நியாயம்தான் என்று பல்லக்கா ஒத்துக்கொண்டாள்.

அன்றைக்கே பல்லக்காவின் கண்ணில் குளியலறை ஹீட்டர் பட்டிருந்தது. அடிப்பக்கம் துரு ஏறி, முந்தைய உரிமையாளர் காலத்துச் சாமான். எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் சாவி கொடுக்கலாம் என்று கணவன் சொன்னான். அவள் அத்தானுக்குப் போன் போட்டாள். ஆள் கிடைத்த நேரத்தில் விட்டுவிட வேண்டும் என்றார் அத்தான். ரிப்பேர் அது இது என்று இழுத்தால் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"தண்ணி சூடாகுதுல்ல? அப்புறம் என்ன? குடிவந்தப்புறம் பாத்துக்கலாம்."

அவளுக்கும் அந்த நேரத்தில் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் குடிவந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். வேன்காரப் பெண்ணிடமிருந்து குரல் செய்தி, காலையிலேயே வந்திருக்கிறது. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணும் அவசரமில்ல. பாத்ரூம் குழாயத் தொட்டா விரல் சுள்ளுங்குதுன்னு அப்பா சொல்றார். நான் பச்சைத் தண்ணிலதான் குளிக்கிறேன், எனக்கு ஒண்ணும் தெரியல. அவருக்குச் சர்க்கரை இருக்கு, அதனாலயும் இருக்கலாம். ஞாயித்துக்கிழமை யாரையாவது அனுப்பினாப் போதும்."

எடுத்த கவளம் அப்படியே பாத்திரத்தில் விழுந்தது. சர்க்கரையாவது ஒன்றாவது. கம்பியில் வர வேண்டிய கரண்ட் அந்தப் பழைய ஹீட்டர் வழியாகக் குழாயில் வருகிறது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். பெரியவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அவர் காதுக்கு அது எங்கே விழப்போகிறது.

மெழுகு இளகிக்கொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு, டாக்டரிடம் வீட்டில் ஒரு அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். பஸ்ஸில் ஏறியதும் அத்தானைக் கூப்பிட்டாள். அவர் சிரித்தார். குடித்தனக்காரர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினால் பிறகு பல்ப் மாற்றவும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், நிம்மதியாக வேலையைப் பார்.

"அத்தான், குழாய்ல கரண்ட் வருது."

"வருதோ இல்லையோ, நீ போய் அதைச் சொல்லிட்டு நிக்காத. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சே விட்டதா ஆயிடும்."

அவள் போனை வைத்துவிட்டாள். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா. அந்தப் பேச்சு காதுக்குள்ளேயே சுற்றியது. ஒரு லாரி குறுக்கே நின்று தெருவே அடைத்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் நடுவழியிலேயே இறங்கி நடந்தாள், நடை ஓட்டமாயிற்று. ஈரத் தரையில் வெறுங்காலோடு அந்த மனிதர் நிற்பது போலவும் குழாயை நோக்கிக் கை போவது போலவும் மனசு காட்டிக்கொண்டே வந்தது.

மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தண்ணீர் வாளியில் கொட்டும் சத்தம். பெரியவர் குளிக்கிறார். இரண்டு கையாலும் கதவை அடித்தாள். உரக்கக் கூப்பிட்டாள். தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்த சாவியை எடுத்தாள். சொல்லாமல் வந்து திறக்கக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டது நினைவுக்கு வந்தது. ஒரு நொடி கை நின்றது, பிறகு நுழைத்தாள். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. உள்ளே போயிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்? முதலில் நிறுத்த வேண்டியது கரண்டை. விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எது தன் வீட்டுடையது என்று தெரியவில்லை. எண்கள் எல்லாம் எப்போதோ அழிந்திருந்தன. வீடு வாங்கினாள், பத்திரம் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எல்லாச் சுவிட்சையும் கீழே தள்ளினாள்.

கட்டடமே மூச்சு விட்டதுபோல் அடங்கியது. கீழ்க்கடை முடிதிருத்துபவர் கையில் ஓடாத மெஷினோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தலை வெட்டிய ஒருவர், கழுத்தில் துணியோடு. யார் வேலை இது என்று இரண்டு பேரும் கேட்டார்கள். யாரும் தொடாதீங்க, மாடியில் ஒருவர் குளிக்கிறார், குழாயில் கரண்ட் வருகிறது என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மேலே ஓடினாள். முடிதிருத்துபவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிக்கு முன்னால் காவலுக்கு நின்றுகொண்டு, தெரிந்த எலெக்ட்ரிஷியனுக்குப் போன் போட்டார்.

அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தது. தலையில் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு பெரியவர் நின்றார். அவளைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. கரண்ட் போயிடுச்சு. ஒரே இருட்டு."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் அவர் காதருகே குனிந்து, குழாய் சுள்ளென்றது எத்தனை நாளாக என்று கேட்டாள். வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார். தன் விரல் எப்போதும் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோலத்தான் இருக்கும், நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். மகள் பயப்படுவாளே என்று சொல்லாமல் இருந்து, இன்று காலை ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். வழுக்குமே என்று ரப்பர் செருப்பைக் கழற்றாமல் குளிக்கிற பழக்கம் அவருக்கு. காலில் அது இன்னும் இருந்தது.

எலெக்ட்ரிஷியன் வந்து ஹீட்டரைக் கழற்றினார். உள்ளே வயர் உருகி உடம்புத் தகரத்தில் ஒட்டியிருந்தது. எர்த் வயர் எங்கேயும் இணைக்கப்படாமல் சுவரோடு தொங்கியது.

வேன்காரப் பெண் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தாள். அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். கழற்றிக் கிடந்த ஹீட்டரைப் பார்த்தாள். பிறகு பல்லக்காவைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பொய்யும் முழுதாக இல்லை.

"கரண்ட் வருதுன்னு தெரியாது. ஹீட்டர் மோசமா இருக்குன்னு தெரியும். எலெக்ட்ரிஷியன்கிட்ட காட்டிட்டுத்தான் உங்களுக்குச் சாவி குடுத்திருக்கணும். நீங்க வேற வீடு போயிடுவீங்கன்னு பயந்து குடுத்துட்டேன்."

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பல்லக்காவுக்குத் தேவலை என்றிருக்கும். அப்பாவின் மருந்தையும் ரெண்டு துணியையும் பையில் போட்டுக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போகிறோம், திரும்பி வருவதா என்று யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த வாரம் முழுக்க எலெக்ட்ரிஷியன் வேலை செய்தார். புது ஹீட்டர் மட்டும் வாங்கினால் போதவில்லை, சுவரைக் கொத்தி வீடு முழுவதும் வயர் மாற்றும்படி ஆயிற்று. செலவை நினைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. போன் சிணுங்கினால் அவர்கள்தானோ என்று பதறினாள், சிணுங்காவிட்டால் அதைவிடப் பதறினாள். ஒருவருக்குச் செய்த செட்டில் கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி நட்டுவிட்டு டாக்டரிடம் பேச்சு வாங்கினாள். நடுவில் அத்தான் கூப்பிட்டு, புது ஹீட்டர் வைத்தாயே, அதைச் சொல்லி வாடகையை ஏற்றிக்கொள் என்றார். கணவன் போனை வாங்கி, அவள் வேலையாக இருக்கிறாள் என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை வேன்காரப் பெண் வந்தாள், தனக்குத் தெரிந்த ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. அவர் ஒவ்வொரு சுவிட்சாக, ஒவ்வொரு குழாயாகச் சோதித்துப் பார்த்தார். பல்லக்கா பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி பின்னாலேயே நடந்தாள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் குளியலறைக்குள் தனியே போய், வெறுங்காலோடு நின்று, குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அப்பாவுக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. அதனாலதான்" என்றாள் வெளியே வந்து. அதில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று பல்லக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் பெரியவர் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகத்தான் போகிறது. ஆனாலும் அந்தப் பெண்ணின் எண் போனில் தெரிந்தால் போதும், பல்லக்காவுக்கு நெஞ்சு ஒருமுறை நின்று ஓடும். போன வாரம் காலையிலேயே கூப்பிட்டாள். அவசரமாக எடுத்தால், அப்பாவுக்குக் கடிகாரம் மாட்ட வேண்டும், கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள்.

தாராளமா அடிச்சுக்கோங்க என்று சொல்ல வாயெடுத்த பல்லக்கா, சுவருக்குள் புது வயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று யோசித்தாள்.

"ஒரு அரை மணி நேரம் பொறுங்க" என்றாள். "நானே வந்து இடம் காட்டுறேன்."

மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.