ஆள் வேண்டாத வண்டி

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும், பழைய பியட் கார் வாங்க நினைக்கிறவன் எவனும் முதலில் ராஜையாவைத்தான் தேடிப் போவான். போனட்டைத் திறக்கவே வேண்டாம். வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே எந்த வருஷத்து மாடல், எவன் கையில் அடிபட்டது என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் எழுபத்தெட்டாம் வருடம் கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்தில் பொய் சொல்வதற்கென்றே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார் என்றால், அவருக்கு வந்திருந்த கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொல்லயில் ஊர்ப் பெரியவீட்டு சதானந்தன் முதலாளியின் டிரைவர் அவர். பதினேழு வருடமாக ஒரே முதலாளி, ஒரே வண்டி. அறுபத்தொன்றாம் வருடத்து பியட் செலக்ட். வண்டி வந்த அன்றைக்கு முதலாளிக்குக் கண்ணெட்டும் தூரம்வரை வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. பிறகு நிலச்சட்டம் வந்தது. குத்தகைக்காரன் எல்லாம் சொந்தக்காரன் ஆனான். முதலாளிக்கு மிஞ்சியது வீடும், வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கரும், இந்த வண்டியும். இப்போது அவற்றையும் விற்றுவிட்டுத் திருவனந்தபுரத்தில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். வீட்டை வாங்கியவர் ஓணத்துக்கு முன்னால் எல்லாம் காலியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். எல்லாம் என்றால், தோப்பின் மூலையில் ராஜையாவும் அவர் பெண்டாட்டி செல்லபாயும் கிடக்கிற ஓலைப்புரையும் சேர்த்துத்தான்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் புரை நின்ற மண் ராஜையா பேருக்கு வந்திருக்க வேண்டும். முதலாளிமார் நிலத்தில் புரை கட்டிக் கிடந்தவர்கள் எல்லாம் மனுப் போட்டு ஆளுக்குப் பத்து சென்ட் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நீங்களும் போடுங்கள் என்று செல்லபாய் தலைதலையாக அடித்துக்கொண்டாள். இவர் கேட்கவில்லை. மனுப் போட்டவர்களுக்கு எதிராக வாதாட முதலாளி நிலக் கோர்ட்டுக்குப் போனதே இவர் ஓட்டிய வண்டியில்தான். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அதே வாசலில் ஏறி எப்படி மனுக் கொடுப்பது என்று கேட்டார். நீ குடும்பத்தில் ஒருவன் அல்லவா என்று முதலாளியும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து சென்ட்டைத் தூக்கிக் கொடுத்த மகாராசன் நம் ராஜையா. இப்போது மனுப் போட நாளும் இல்லை, கேட்க நாதியும் இல்லை.

முதலாளி கடைசியாக ஒரு உபகாரம் செய்வதாகச் சொன்னார். பழைய வண்டி கைமாறும்போது அதன் கோளாறு தெரிந்த டிரைவரும் கூடவே போவது அந்தப் பக்கத்தில் உள்ளதுதான். செலக்டை வாங்குகிறவனிடம் உன்னையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றார். வாங்க வந்தவன் சத்தியதாஸ். அவன் அப்பன் இதே முதலாளியின் நிலத்தில் மனுப் போட்டு வாங்கிய ரோட்டோரத்துப் பத்து சென்ட்டில், தோஹாவில் ஆறு வருடம் உழைத்த காசில், மாடிவீடு எழுப்பியிருந்தான். வீட்டோடு ஒரு கார் ஷெட். ஷெட்டை ஒட்டி, வார்ப்புக் கூரை போட்டு, ஒற்றை ஜன்னல் வைத்து ஒரு சின்ன முறி. டிரைவர் தங்குகிற அறை என்று பார்த்தாலே தெரியும். ராஜையா அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, அடுப்பை எந்த மூலையில் போடலாம் என்று செல்லபாய் கேட்டாள்.

ஆனால் சத்தியதாஸ் ஒரே வண்டியைப் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை. செலக்டோடு இன்னும் இரண்டு பியட் அவன் கணக்கில் இருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு காண்ட்ராக்டரின் அறுபத்தெட்டு மாடல் டிலைட். மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் வியாபாரியின் இரண்டே வயசான பத்மினி. மூன்றையும் பார்த்து எது தேறும் என்று சொல்ல, அவன் ராஜையாவையே கூப்பிட்டான். நேற்றுவரை இவர் எலே என்று அழைத்த பையன். இன்றைக்குச் சார் என்பதா, மக்கா என்பதா என்று ராஜையாவின் நாக்கு தடுமாறி, கடைசியில் மக்கா என்றே வந்தது.

செலக்ட் விலைபோனால் ராஜையாவுக்கு முறி. டிலைட் போனால் அதோடு காண்ட்ராக்டரின் டிரைவர் பொன்னப்பன் போவான். பத்மினி என்றால் தனியாக டிரைவர் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். ஓணத்துக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது.

முதல் நாள் செலக்டில் சத்தியதாஸையும் அவன் பெண்டாட்டி ஓமனாவையும் கைப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கோட்டுகால் வரைக்கும் போனார். தரையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் புது ரப்பர் பாய் வாங்கி விரித்திருந்தார். ஓடும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழும். அதை ஒற்றை விரலால் பிடித்தபடியே, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஓட்டினார். முன்கதவு பின்பக்கமாகத் திறக்கிறது பார்த்தாயா, சேலை கட்டிய பெண்ணுக்கு ஏறி இறங்க இதைவிடச் சுகம் வேறு மாடலில் இல்லை என்றார். ஓட்டத்தில் கொக்கி விட்டால் அதே கதவு காற்றில் பறந்து திறக்கும் என்பதைச் சொல்லவில்லை. பழைய தகட்டின் கனம், ஸ்பிரிங்கின் குணம் என்று பாதி மெய்யும் பாதி பொய்யுமாக வழியெல்லாம் பேசினார். இவ்வளவு பேசி அவருக்குப் பழக்கமே இல்லை, தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் டிலைட். நல்ல வண்டி. எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடியது. ராஜையா ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, இது ஒருதரம் சூடாகி எஞ்சின் வெந்துபோன வண்டி என்று சத்தியதாஸின் காதில் போட்டார். பக்கத்தில் நின்ற பொன்னப்பனுக்கு அது கேட்டுவிட்டது. முப்பது வருடச் சிநேகிதம். அவன் ராஜையாவை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அவனுக்கும் இதே வயிறுதானே. ராஜையா கூசிப்போய் வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் மார்த்தாண்டம். பத்மினியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு குறை கிடைக்க வேண்டுமே. சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்தது. கியர் வெண்ணெயில் கத்தி போவதுபோல் விழுந்தது. குழித்துறைப் பாலம் வரை போய்த் திரும்பும்போதும் ராஜையாவுக்கு ஒரு குறை அகப்படவில்லை. எப்படி இருக்கு அண்ணா என்று சத்தியதாஸ் கேட்டான். அப்போதுதான் அவர் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"இது என்ன வண்டி மக்கா" என்றார் இளக்காரமாக. "ஒரு பழக்கம் வேண்டாம், ஒரு வித்தை வேண்டாம். சாவியத் திருக்கினா போவும். பெண்ணுவ கூட ஓட்டலாம். செலக்ட் அப்பிடி இல்ல, அதுக்கு ஆளு வேணுமாக்கும்."

பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஓமனா முன்னால் சாய்ந்து கியரைப் பார்த்தாள். பத்மினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாறசாலை வரும்வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சத்தியதாஸ் அந்தப் பேச்சுக்குச் சிரித்திருந்தான். சரியாக அடித்துவிட்டோம் என்று ராஜையா நினைத்தார், பாவம்.

இரண்டு நாள் கழித்துச் சத்தியதாஸ் வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். செல்லபாய் வெளுத்த முண்டும் சட்டையும் எடுத்துக் கொடுத்தாள். போனால், ஷெட்டில் பத்மினி நிற்கிறது.

ஓமனாதான் பேசினாள். "அண்ணன் அன்னைக்குச் சொன்னது உள்ளதுதானே? பெண்ணுவளும் ஓட்டலாம்னு? இவரு தோஹாவுக்குத் திரும்பிப் போனா ரெண்டு வருசம் கழிச்சாக்கும் வருவாரு. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்னா நான் எவன் வாசல்லயும் போயி நிக்கமாட்டேன். நானே ஓட்டிப் படிக்கேன்."

சத்தியதாஸுக்கு அதில் பாதிச் சம்மதம்தான் என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் அவளை மீறி அவன் பேசவில்லை. ஒரு மாதம் வந்து படிப்பித்துக் கொடுங்கள், மாதச் சம்பளம் முழுதாகத் தருகிறேன் என்றான். ராஜையா வெட்கத்தை எல்லாம் விட்டார். தன் வயசில் பாதிகூட ஆகாதவன் முன்னால் கைகூப்பினார்.

"எனக்கு அந்த முறி கிடைக்கும்னு நெனச்சேன் மக்கா. ஓணத்துக்கு முன்ன எறங்கணும். செல்லபாயையும் கூட்டிட்டு நான் எங்க போவேன்?"

சத்தியதாஸ் கலங்கித்தான் போனான். அந்த முறியில் ஓமனாவின் அப்பனும் அம்மையும் துணைக்கு வந்து இருக்கப் போகிறார்கள், அவர்கள் பெட்டி படுக்கைகூட வந்துவிட்டது அண்ணா என்றான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டில் போட்டிருந்ததை ராஜையா பார்த்தார்.

அதே வாரம் செலக்டைப் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜையாவுக்கு அழுகை வரவில்லை. அவர் மனசு வேறொரு கணக்கில் கிடந்தது. வண்டி வாங்கிவிட்டார்கள், சரி. ஓட்டப் போகிறவள் பயந்துவிட்டால்? ஒருதரம் நன்றாகப் பயந்து, எனக்கு வேண்டாம் இந்தச் சீண்டரம் பிடித்த வேலை என்று சாவியை வீசினால்? சத்தியதாஸ் தோஹாவில் இருப்பான், வண்டி ஷெட்டில் கிடக்கும், ஓட்ட ஒரு ஆள் வேண்டும். முறி இல்லாவிட்டால் போகட்டும், ஷெட்டிலாவது ஒரு ஓரம் தரமாட்டார்களா?

பத்துப் பன்னிரண்டு நாளில் லீவு முடிந்து சத்தியதாஸ் விமானம் ஏறினான். ராஜையா இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்து பாடம் தொடங்கினார். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாள், ஊடுவழியில் மூன்று நாள். ஓமனா கெட்டிக்காரி. ஒருதரம் சொன்னதை மறுதரம் கேட்கமாட்டாள். பயப்படுவாள் என்று பார்த்தால், எதிரே பஸ் வந்தபோதும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒதுக்கிக் கொடுத்தாள். இவருக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு நாள் குறைந்துகொண்டு வந்தது.

எட்டாம் நாள் சானல்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாய்க்கால் ஓரத்திலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு மேடு உண்டு. அந்த மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது எப்படி என்று அவளுக்கு இதுவரை சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னார். இனி எடு என்றார். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவருக்கே திகிலாக இருந்தது.

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி போகவேண்டிய பக்கம் போகாமல் பின்னால் உருண்டது. பின்னால் சானல், மழைத்தண்ணீர் கரைமுட்ட ஓடுகிறது. இரண்டு அடி உருளட்டும், கத்தட்டும், பயந்து அழட்டும் என்றுதான் ராஜையா கணக்குப் போட்டிருந்தார். அவள் கத்தவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்வார், சொன்னால் சரியாக இருக்கும் என்கிற நம்பிக்கை. ராஜையாவின் கணக்கெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று. காலை எட்டி நீட்டி, அவள் கால்மேலேயே வைத்து பிரேக்கை அமுக்கினார். வண்டி நின்றது. பின்சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்கூட இல்லை.

ஓமனா திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியாமப் போச்சு அண்ணா. இன்னொருக்கா சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

தெரியாமல் போனது அவள் தப்பாம். இனி என்ன பொய்யைச் சொல்வது, எதற்காகச் சொல்வது? கைபிரேக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கிளச்சைப் பாதி விடு, எஞ்சினின் சத்தம் இறங்கும், அதைக் காதால் கேள், கண்ணால் தேடாதே, சத்தம் இறங்கியதும் கைபிரேக்கை விடு என்று, முப்பது வருடத்தில் தான் படித்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மூன்றாம் தடவை வண்டி ஒரு விரற்கடை பின்னால் போகாமல் மேடேறியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, வெட்கக்கேடு, இவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் ஓமனா தனியாக நெய்யாற்றின்கரை போய்த் திரும்பினாள். வந்ததும் ராஜையாவை ஏற்றிக்கொண்டு பெரியவீட்டுத் தோப்பு வரை கொண்டுவந்து இறக்கிவிட்டாள். நாளைமுதல் வரவேண்டாம், நான் பழகிக்கொள்கிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். பேசியபடி ஒரு மாதச் சம்பளத்தையும் கையில் வைத்தாள். குறுகிய வழியில் ஒரே வெட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். ராஜையாவே அதைவிட நன்றாகத் திருப்பியிருக்க முடியாது.

செல்லபாய் புரை வாசலில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம்னு சொன்னீங்களே?"

"பதினொண்ணு நாளில படிச்சுட்டா."

"சானல்மேட்டில எடுக்கவுமா?"

"அதும்."

அந்த மேட்டில் அவர் என்ன செய்ய நினைத்தார் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போவதற்கு முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தார், அவளும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

"உள்ளது முழுசும் சொல்லிக் குடுத்துட்டீங்க, இல்லியா" என்றாள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"வேற மாதிரி சொல்லிக் குடுக்க எனக்கு வரல்ல செல்லபாய்" என்றார் ராஜையா. சொல்லிவிட்டு, ஐம்பத்துநாலு வயசு மனிதர், நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

செல்லபாய் அழவில்லை. உள்ளே போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பானையையும் சட்டியையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். ஓணத்துக்கு ஆறு நாள் இருந்தது.