முடிச்சுப் போட்ட இலை

திகன சந்தியில் ஜெஸீமாவின் சோற்றுக்கடையில் பார்சல் கட்டும் நேரம். வாழையிலையை நெருப்பில் ஒரு தடவை காட்டி வாட்டுவாள். பழைய பத்திரிகைத் தாளின் மேல் விரிப்பாள். சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, ஒரு துண்டுக் கருவாடு விழும். மடித்துச் சணல் நூலால் கட்டுவாள். கை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் மூலை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் மேல் இருந்தது.

அவர் சட்டத்தரணி லீலாதேவி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; கண்டியில் வழக்காடுகிறவர். காலையிலிருந்து அந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டார். அவர் தேடுவது தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துச் சின்னமுத்துவை; லொறியில் உதவியாளாக வேலை செய்பவன். அடையாள அட்டை இல்லையென்று சோதனைச் சாவடியில் அவனை இறக்கிக்கொண்டார்கள். இராணுவ ட்ரக் அவனை ஏற்றிக்கொண்டு திகன பக்கம் போனதை லொறிச் சாரதி கண்டிருக்கிறார். நீதிமன்றத்தில் இராணுவம் சொன்னதோ வேறு. அப்படி ஓர் ஆளைப் பிடிக்கவில்லை, திகனவில் தடுப்பு முகாம் என்று ஒன்றே கிடையாது. வழக்குப் போட்டிருப்பவள் சின்னமுத்துவின் மனைவி பாலம்மா.

எந்தக் கடையிலும் யாரும் வாய் திறக்கவில்லை. லீலாதேவி சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"மிஸ், நீங்க தமிழாக்கள்தானே?" என்றாள் ஜெஸீமா.

"ஓம் ராத்தா. ஏன் கேக்கிறியள்?"

"இலைய மடிச்சிட்டீங்களே. இங்க சாப்பிடுறவங்க விரிச்ச மாதிரியே போட்டுட்டுப் போவாங்க. புகையில ஸ்டோர்ல இருந்து வார இலைதான் இப்பிடி மடிச்சி வரும்."

குழாயடியில் லீலாதேவியின் கை அப்படியே நின்றது. ஜெஸீமாவுக்கும் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஸ்டோர இப்ப ஆமி வெச்சீக்கி. அங்க சீமெந்து தூக்குற கூலியாளுகளுக்கெண்டு ஆமிக்காரன் வந்து பார்சல் எடுத்துட்டுப் போவான். என்ட ஆடுகளுக்கு மிச்சத்தத் திருப்பித் தாங்கண்டு வாளி ஒண்டு குடுத்தீக்கிறன்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா மிஸ், அந்தப் பக்கம் சீமெந்து லொறி ஒண்டு போய் நான் கண்டதே இல்ல."

பின்புறத்து ஆட்டுக்கொட்டிலில் வாளி இருந்தது. மடித்த இலைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். அது சுருட்டப்பட்டு, கிழித்த இலை நரம்பால் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

"ஒவ்வொரு நாளும் இப்பிடி ஒண்டு வரும். அவுக்க ஏலாம ஆடு என்னத்தான் முறைக்கும்."

மறுநாள் நீதிமன்ற விறாந்தையில் பாலம்மா வழக்கம்போல் சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தாள். புருசனை விட்டுவிட்டால் பசியோடு வருவாரே என்று ஒவ்வொரு தவணைக்கும் கொண்டுவருவாள். லீலாதேவி அந்த இலையை அவள் கையில் வைத்தார். தேயிலைக் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள் முடிச்சைத் தடவின.

"இது அவருதாங்கம்மா! லொறியில சாப்பிட்டு இலைய வீசுனா காத்துல திரும்பி மூஞ்சியிலயே அடிக்குமாம். அதுக்குத்தான் முடிச்சு. வீட்டுலயும் இதேதான். 'இங்க என்னா காத்தடிக்குது?'ன்னு திட்டுவேங்க." சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் முந்தானை முகத்துக்குப் போய்விட்டது. "உசுரோட இருக்காரும்மா."

ஜெஸீமாவைச் சாட்சிக்குக் கூப்பிட லீலாதேவிக்கு மனம் கூசியது. "கடைக்குக் கரைச்சல் வரும் ராத்தா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வரத்தான் செய்யும். மனுசருக்குத்தான் சோறு குடுத்தன், சீமெந்துக்கு இல்லண்டு சொல்லத்தானே கூப்பிடுறீங்க? வாரன்."

ஜெஸீமா சாட்சி சொல்லி முடித்ததும், அரச சட்டத்தரணி பேனா நுனியால் இலையைத் தூக்கிப் பிடித்தார். "கனம் நீதிபதி அவர்களே, அடுத்த தவணைக்கு ஆட்டையும் கூண்டில் ஏற்றுவார்கள் போலிருக்கிறது." மன்றம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. புகையிலை ஸ்டோரை நீதிமன்ற அலுவலர் நேரில் பார்வையிட வேண்டும் என்றார்.

"இன்றைக்கே பார்க்க வேண்டும்" என்றார் லீலாதேவி.

பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு அவகாசம் வேண்டும் என்றார் அரச சட்டத்தரணி. அவகாசம் கிடைத்தது. அடுத்த வாரம் பார்வையிடலாம் என்று முடிவானது.

பாலம்மா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. ஜெஸீமாவின் குசினியில் வெங்காயம் உரித்தாள், இலை வாட்டினாள். திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும் என்றோ என்னவோ, பார்சல் எடுக்க ஆமிக்காரன் வழக்கம்போல் வந்தான்; அவன் வந்தால் பாலம்மா உரலுக்குப் பின்னால் குனிந்துகொள்வாள். ஒருநாள் பாகற்காயைச் சுண்ட வறுத்து எல்லாப் பார்சலிலும் வைத்தாள்.

"இந்தக் கசப்ப யாருடி திம்பா?" என்றாள் ஜெஸீமா.

"ஒருத்தரு திம்பாரு. பொழைச்சுப் போகட்டும்னு மத்தவங்க மன்னிச்சுக்கட்டும்."

அன்று திரும்பி வந்த இலையில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. பாலம்மா அதை ஆட்டுக்குப் போடவிடவில்லை. பாயின் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள்.

பார்வையிடுவதற்கு முதல் நாள் வாளி கனமாக வந்தது. மூடியைத் திறந்த ஜெஸீமா முகம் சுளித்தாள். போன பார்சல்கள் அத்தனையும் சணல் நூல்கூட அவிழாமல் கிடந்தன.

"என்ட கறிக்கு என்ன வந்திச்சி? ஒருத்தனும் வாயில வைக்கல்லயே!"

பாலம்மா எட்டிப் பார்த்தாள். கையில் இருந்த அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எங்க லயத்துல ஒருத்தர் செத்துட்டா, பொணத்த எடுக்குற வரைக்கும் அந்த வரிசை வீடுகள்ல யாரும் சோத்துல கை வைக்கமாட்டாங்கக்கா."

மறுநாள் நீதிமன்ற அலுவலரோடு லீலாதேவி புகையிலை ஸ்டோருக்குள் போனார். கூரை முட்டப் புதுச் சீமெந்து மூட்டைகள் அடுக்கியிருந்தன. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. இடுப்பு உயரம் வரை சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். "சீமெந்துக் களஞ்சியம்தான்" என்றார் அலுவலர். வாசலில் நின்ற இராணுவ அதிகாரி எல்லாருக்கும் குளிர்பானம் கொடுத்தார். லீலாதேவி வாங்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது ஜெஸீமா வாசலிலேயே நின்றாள்.

"இனிப் பார்சல் வேணாமெண்டு சொல்லிட்டுப் போய்ட்டான் மிஸ். பாலம்மாவப் பாருங்க. நேத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல. நான் சொல்லிக் கேக்கிறாளில்ல."

ஆட்டுக்கொட்டில் ஓரத்தில் பாலம்மா இருந்தாள். முன்னால் ஒரு கோப்பை பால் தேத்தண்ணீர். லீலாதேவி கோட்டைக் கழற்றி மடித்து, ஈரமண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பையை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் குடியுங்கோ பாலம்மா."

பாலம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"எடுத்துட்டாங்களாம்மா?"

லீலாதேவி கோப்பையை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினார்.

"எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சாக் குடிச்சிருவேங்க. தெரியாம எப்படிங்கம்மா குடிக்கிறது?"

லீலாதேவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கறுத்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். வாளியில் பார்சல்கள் கட்டிய கட்டு அவிழாமல் கிடந்தன. ஆடுகள் கயிற்றை இழுத்துக் கத்தின. தேத்தண்ணீர் ஆறி, மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது.