டிக்கிக்குள் ஒரு நீலக் கோடு

அவள் நான்காவது மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது தெருமுனை திரும்பி அந்த வண்டி வந்து சாவு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வெள்ளை நிறச் சின்ன எஸ்யூவி. கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்புப் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. அவள் நாற்காலியைப் பாதி விரித்தபடியே விட்டுவிட்டாள்.

நேற்று மத்தியானம் அப்பா உயிர் போனது இந்த வண்டியில்தான்.

ஓட்டி வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பக்கத்து சீட்டிலிருந்து புரோக்கர் இறங்கினான். அவனுக்கு அப்பா வைத்த பெயர் சென்ட்டு. விற்கிற வண்டிக்கெல்லாம் சென்ட் அடித்து, மிச்சத்தைத் தன் சட்டையிலும் அடித்துக்கொள்வான்.

“என்ன மாமா இது?”

“வெளியூர்லேர்ந்து வர்றவங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்கம்மா. கூட்டிட்டு வரணும். இவர்கிட்ட கேட்டேன். ஓட்டிப் பாத்த மாதிரியும் இருக்கும்னு…”

மிச்சத்தைச் சொல்ல அவருக்கே கூசியிருக்க வேண்டும். மூன்று மணிக்கு எடுக்கப் போகிறார்கள். இவருக்கு அதற்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தாக வேண்டும்!

அப்பா முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் போர்மேன். ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு கிடைக்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். விற்கிறவன் இடத்தில் அவர் வாயையே திறக்க மாட்டார், ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டார். கடைசியாக டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி பக்கத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு குறி போடுவார். நல்ல வண்டிக்கு டிக், ஆகாததற்குப் பெருக்கல். “அதே வண்டியைப் பெயின்ட் மாத்தி வேற ஆளுக்குத் தள்ளிவிடுவானுங்க. அப்ப நமக்குத் தெரிய வேணாமா?” என்பார். மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து கை கழுவிய பிறகுதான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வண்டியின் வண்டவாளத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதித் தொழில் தெரியும்.

சாக்பீஸ் அவள் கொடுத்ததுதான். அவள் வேலை பார்க்கிற தையல் கம்பெனியில் துணிக்குக் கோடு போடுகிற தட்டைச் சாக்பீஸ், லேசில் அழியாது. போர்மேன் டிக் போட்ட வண்டி என்றால் மறுபேச்சில்லாமல் விலை போகும் என்று ஊரில் உள்ள புரோக்கர்களுக்கெல்லாம் தெரியும்.

நேற்றுக் காலையில் அப்பா போகவே விரும்பவில்லை. “இன்னிக்கு வேணாமே, தோள்பட்டை இழுக்குது” என்று இரண்டு தடவை சொன்னார். “அரை மணி நேரம் அத்தான். சாயங்காலம் வேற பார்ட்டி வருதாம்” என்று மாமா வாசலிலேயே நின்றார். மச்சினன் கேட்டு இல்லையென்று சொல்ல அப்பாவுக்கு எப்போது வாய் வந்திருக்கிறது? சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

சென்ட்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவளும் பின்னாலேயே போனாள். கட்டிலில் அப்பா. தலைமாட்டில் அம்மா. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அம்மா, சார் கடைசியா பேசினது எங்கிட்டதான். தங்கமான வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு வாயாரச் சொன்னார். சொல்லிட்டு உக்காந்தவர்தான்.”

அம்மா முகத்தை நிமிர்த்தினாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அந்தக் கண்களில் ஏதோ அசைந்தது.

“அப்படியா சொன்னார்? கடைசியா பாத்துக் குடுத்துட்டுப் போயிருக்காரே… வாங்கிக்கடா தம்பி. அவர் வாக்கு.”

“ஆமாக்கா” என்றார் மாமா. அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. இவருக்கு இந்தப் பொய் தேவைப்படுகிறது. நெஞ்சுவலிக்காரரை இழுத்துக்கொண்டு போன பாவம், நல்ல வண்டி என்றால் பாதியாகக் குறைந்துவிடும் போல.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமாம்! வெண்டைக்காயைக்கூட நுனி ஒடிக்காமல் வாங்காத மனிதர். செத்தவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப் போகிறாரா என்கிற தைரியம். அதுவும் அவர் கால்மாட்டிலேயே நின்றுகொண்டு, வாய் கூசாமல்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அலமாரியில் இருந்தது. உள்ளே அப்பாவின் சட்டை, மூக்குக்கண்ணாடி, நீலச் சாக்பீஸ். அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமாவும் சென்ட்டும் அவளுக்கு முன்பே வண்டிப் பக்கம் போயிருந்தார்கள்.

“மாமா, சாவியைக் குடுங்க.”

“இப்ப எதுக்கும்மா?”

“குடுங்க.”

நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெத்த அப்பன் உள்ளே கிடக்கும்போது பெண்ணுக்கு வண்டி கேட்கிறதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேட்கட்டும். கதவைத் திறந்ததும் மல்லிகை சென்ட் முகத்தில் அறைந்தது. “வாசனை தூக்குற வண்டியில எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்” என்பார் அப்பா.

அவள் சீட் பெல்ட்டைப் பிடித்து, முழுசாக வெளியே வரும்வரை இழுத்தாள். கடைசி ஒரு முழம் பழுப்பேறியிருந்தது. மடிப்பிலிருந்து பொடி மண் அவள் மடியில் உதிர்ந்தது.

“அது… முன்னாடி வெச்சிருந்தவங்க வீட்டுல குழந்தைங்க காபி கொட்டியிருக்கும்” என்றான் சென்ட்டு.

அவள் இறங்கிச் சுற்றிவந்து மற்ற மூன்றையும் இழுத்துப் போட்டாள்.

“நாலு பெல்ட்லயும் காபியா? இது வெள்ளத்துல முங்கின வண்டி. மாமா, இதுலதான் உங்க புள்ளைங்களை ஏத்திட்டுப் போகப் போறீங்க.”

மாமா பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். “அத்தான் நல்லாருக்குன்னு சொன்னதா இவர்…”

அவள் டிக்கியைத் திறந்தாள். நேற்று அப்பா உட்கார்ந்த இடம். விரிப்பைத் தூக்கினாள்.

ஸ்டெப்னி பக்கத்தில், துருப்பிடித்த தகரத்தின் மேல், ஒரு நீலக் கோடு. ஒரே ஒரு கோடு, டிக்கும் முடியவில்லை, பெருக்கலும் முடியவில்லை. அழுத்தமாகத் தொடங்கி, சாய்ந்து, போகப் போக மெலிந்து ஓரத்தில் காணாமல் போயிருந்தது.

சென்ட்டு எட்டிப் பார்த்தான். சட்டென்று குரல் ஏறியது. “பாத்தீங்களா! டிக் போட்டிருக்கார் பாருங்க! நான் சொல்லல?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதைப் போடும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“நான்… உள்ள ஆபீஸ்ல.”

“மாமா, நீங்க?”

“நானும் உள்ளதாம்மா. டீ வந்துச்சு…”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு இருபது நிமிஷம் இருக்கும். கண்ணாடி வழியா தெரிஞ்சார். குனிஞ்சு ஸ்டெப்னியத்தான் பாத்துட்டிருக்கார்னு நெனச்சோம்.”

“ரெண்டு பேரும் உள்ள டீ குடிச்சுட்டிருந்தீங்க. அவர் இங்க தனியா இருந்தார். அப்போ தங்கமான வண்டின்னு யார்கிட்ட சொன்னார்?”

மாமா மெதுவாக சென்ட்டின் பக்கம் திரும்பினார். சென்ட்டு பெல்ட் ஒன்றை உள்ளே தள்ளப் பார்த்தான், அது போகவில்லை.

அவள் குனிந்தாள். அப்பாவின் கோட்டுக்குக் குறுக்கே, அதே நீளத்துக்கு, இன்னொரு கோடு இழுத்தாள். சாக்பீஸ் தகரத்தில் கிறீச்சிட்டது.

“வண்டியை எடுத்துட்டுப் போங்க. எங்கப்பா சொன்னார்னு இனிமே எங்கேயாவது வாயைத் திறந்தீங்க…”

முடிக்கவில்லை, முடிக்கவும் தேவைப்படவில்லை. டிக்கி சரியாகச் சாத்தாமலே வண்டி தெருமுனை திரும்பிப் போயிற்று. அவள் பாதி விரித்து விட்டிருந்த நாற்காலியை மாமா முழுசாக விரித்து அதில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. என்றைக்காவது வரலாம், இன்றைக்கு இல்லை.

உள்ளே அம்மா கேட்டாள்.

“என்னடி சத்தம்? தம்பி வண்டி வாங்கிட்டானா?”

“இல்லம்மா. அப்பா வேணாம்னுட்டார்.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கையெல்லாம் என்னது நீலமா? போ, கழுவிட்டு வா. நேரமாச்சு” என்றாள்.

அவள் கழுவப் போகவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தார்கள். அப்படியும் கட்டைவிரல் நக இடுக்கில் நீலம் போகாமல் இருந்தது.