ஐந்நூற்று நாற்பது

கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய முருகேஸ்வரி, சர்வேயர் நீட்டிய வரைபடத்தின் ஐந்து மூலைகளிலும் எழுதியிருந்த கோணங்களைக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். ஐந்நூற்று முப்பத்திரண்டுதான் வந்தது. மார்க் இருந்தும் பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்டவள் அவள். கோபம் குபுகுபுவென்று ஏறியது.

"அஞ்சு மூலை நெலம் சார். உள்கோணமெல்லாம் சேந்து ஐநூத்தி நாப்பது வரணும். எட்டு டிகிரி எங்க?"

சர்வேயர் அவள் கணவன் ஞானவேலைப் பார்த்துச் சிரித்தார். "மலைங்க இது. முன்னப்பின்னதான் இருக்கும். வீட்டம்மாவுக்குச் சொல்லுங்க."

"போட்டுரு முருகேசு, வெரசா சோலி முடியட்டும்," என்றான் ஞானவேல். நிலம் அவளுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. தெற்கே, சரிவில் கீழ்வரப்புக்கு அந்தப் பக்கம் பூண்டு போட்டிருக்கும் சேனாதிபதி கூட்டிவந்த சர்வேயர் இவர். காலையில் சேனாதிபதி வீட்டில் கோழி அடித்த மணம் ஊருக்கே தெரியும். தன் புருஷனுக்கு மட்டும் மூக்கில்லை என்பதுதான் அவளை எரித்தது.

அப்பாவின் பத்திரத்தோடு இருந்த பழைய வரைபடத்தை விரித்தாள். நான்கு கோணங்கள் அப்படியே இருந்தன. தென்மேற்கு மூலை மட்டும் அதில் எழுபது; புதியதில் அறுபத்திரண்டு. ஒரு மூலையை அளந்துவிட்டு மிச்சத்தைக் காப்பி அடித்திருக்கிறார், சோம்பேறி!

"மேற்குப் பக்கத்து ரெண்டு கோணமும் நூத்திப்பத்து, எழுபது. கூட்டுனா நூத்தியெம்பது. அப்ப மேல்வரப்பும் கீழ்வரப்பும் இணைகோடு. எங்க அளந்தாலும் அகலம் ஒண்ணாத்தான் இருக்கணும்."

பாத்தி பிடிக்கும் கயிற்றை மேற்குக் கோடியில் மேல்வரப்புக்கு நேர் குறுக்கே பிடித்து, கீழ்வரப்பு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். கிழக்குக் கோடிக்குப் போய், கயிற்றின் மேல்முனையை மேல்வரப்பில் நிறுத்திய ஞானவேலின் கையில் திணித்தாள். அதேபோல் நேராக இறங்கினாள். எல்லைக்கல் வந்துவிட்டது; முடிச்சு வரவில்லை.

"மழையில கல்லு நகந்திருக்கும் தாயி," என்றார் சேனாதிபதி.

"மழைக்குக் கல்லு மேட்டுல ஏறுமாண்ணே?"

பதிலுக்கு நிற்காமல் அவருடைய பூண்டுப் பாத்திக்குள் இறங்கினாள். முதல் பாத்தி. இரண்டாவது பாத்தி. கயிறு விறைத்தது. முடிச்சு வந்த இடத்தில் காலை ஊன்றினாள். சுற்றிலும் இறுகிக் கிடந்த மண் அங்கே மட்டும் பொதபொதவென்று இருந்தது. ஒரு கல் அகலத்துக்கு, கணுக்கால் வரை, கால் உள்ளே போனது.

அவள் காலை எடுக்கவில்லை. மேலே ஞானவேல் கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றி, இழுத்துப் பிடித்தான்.