பொன்னாடைக்குப் பிறகு

ஆண்டு விழா மேடையிலிருந்து தன் பெயர் கேட்டதும் எலிசபெத் நாற்காலியில் இன்னும் பின்னுக்குச் சாய்ந்துகொண்டாள். போலாரம் பகுதிப் பள்ளியில் இருபது ஆண்டுகளாக ஆய்வகப் பணியாளர் அவள். முந்தைய விழாக்களில் நிர்வாகக் குழு பொன்னாடை போர்த்திக் கௌரவித்த காவலாளி ஃபெலிக்ஸும் ஆயா பானுவும் மறுவாரமே வேலையிழந்திருந்தனர்.

"போங்கக்கா! கைக்கு, ஏன்க்கா இவ்ளோ பயம்? சால்வைதானே!" என்று உருது கலந்த தமிழில் சிரித்தாள் எழுத்தர் காஞ்சனா.

"நக்கோடி, எனக்கு வேணாம். நீ வேணும்னா போய்ப் போத்திக்கோ."

ஆயினும், ஆய்வகச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மேடையேறினாள். பொன்னாடையைப் போர்த்திய குழுத் தலைவர், கைகுலுக்கக் கையை நீட்டினார்.

"சாவி தர மாட்டேன் சார்!" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

அரங்கமே சிரித்தது. தலைவரும் சிரித்தபடி அவள் காதருகே குனிந்தார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. திங்கக்கிழமை குடுத்தாப் போதும்."