தையிலிருந்து வைகாசிக்கு

மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிற போன் அதிர்கிறது, அதிர்ந்து அதிர்ந்து வண்டு மாதிரி அரை அங்குலம் நகர்ந்து மோர்த் தம்ளரைத் தொட்டு நிற்கிறது, தம்ளருக்குள் மோர் வட்டம் வட்டமாய்ச் சிலிர்க்கிறது, எடுக்காதம்மா என்கிறான் சைலம், நான் எங்கே எடுத்தேன், மகனுடைய போனை நான் ஏன் எடுக்கிறேன், ஆனால் கை மேசை விளிம்பு வரைக்கும் போயிருக்கிறது, கூப்பிடுவது இந்துமதி, அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள், இன்று காலை பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல், அவ வேண்டாம்மா, சாயங்காலம் அவங்க அப்பாகிட்ட நானே பேசிருதேன் என்று அவன் சொல்லிவிட்டான், எந்த மாதத்தில் வந்து சொல்கிறான் பாருங்கள், கல்யாண மாதமான தையில், இரண்டு தெரு தள்ளி மண்டபத்தில் நாகசுரம் கேட்கிறது, முதலில் பார்த்த தேதிப்படி இந்நேரம் அங்கே நாங்கள்தான் இருந்திருக்க வேண்டும், போன் ஓய்ந்துவிட்டது, எய்யா, ரெண்டு வாய் சாப்பிடு என்கிறேன், பசிக்கலம்மா, கல்யாணத்தை ஏன் தள்ளினோம்னு உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேற ஒரு குஞ்சுக்குத் தெரியாது, நீ சொல்லமாட்டே, அப்ப வெளியே சொன்னது யாரு.

நீ சொல்லமாட்டே. இவனுக்கு முன்னால் அதை எனக்குச் சொன்னவர் மரகதம்மாள், வெளியூர்ப் போன்களை இணைத்துக் கொடுக்கிற திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எங்கள் சூப்பர்வைசர், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இங்கன கேக்கறதை வெளியே செருப்பு மாட்டும்போதே விட்ருணும், உன் முகத்தைப் பார்த்தா நீ சொல்லமாட்டே, போ, ஏழாம் பலகையில உக்காரு என்றார், அன்றிலிருந்து முப்பத்தொரு வருடம், பலகையில் ஒரு விளக்கு எரியும், இணைப்புக் கயிற்றைச் செருகுவேன், ஹலோ தூத்துக்குடி, பேசுங்க, லைன் சரியாக இருக்கிறதா என்று ஒரு நொடி காது கொடுக்க வேண்டும், அந்த ஒரு நொடியில் ஒருத்தர் அழுதுகொண்டிருப்பார், ஒருத்தர் வட்டி கேட்டுக்கொண்டிருப்பார், ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கும், மூணு நிமிஷம் முடிஞ்சது, நீட்டிக்கவா என்று நான் குறுக்கே போய்க் கேட்பேன், எனக்குக் கதை என்றால் இரண்டு குரல்தான், அதற்கு முகமோ உருவமோ கிடையாது, இன்னமும் கனவில் எனக்கு ஆட்கள் வருவதில்லை, குரல்கள் வருகின்றன, இருட்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அதற்குப் பின்னால் ஒருத்தர், என் அக்கா வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் ஒருத்தியோடு பேசியதும் அப்படித்தான் என் பலகைக்கு வந்தது, சாப்பிட்டியா என்று அவர் கேட்ட விதம் ஒன்றே போதும், அக்கா பத்து வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, ஏட்டி, உன் காதுல ஒண்ணுமே விழலியா என்று கேட்டாள், விழலக்கா என்றேன், அவள் என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அப்படிப்பட்ட வாய் இது.

சைலம் வயிற்றில் இருந்தபோதும் ஏழாம் மாதம் வரை பலகையில்தான் உட்கார்ந்திருந்தேன், அதனாலோ என்னவோ அவனுக்குப் பேச்சு குறைவு, பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறாய் என்றால் சிப் டிசைன் என்பான், யாருக்கு என்றால் சிரிப்பான், போன சித்திரையில் வந்தபோதுதான், இதே மேசையில் மாம்பழம் அரிந்துகொண்டே, உன்கிட்ட சொன்னா சுவர்கிட்ட சொன்ன மாதிரி, கேளு, உலகம் பூராவும் பிள்ளைங்க டிவியில செருகி விளையாடுதாங்கல்லா, அந்தப் பெட்டி, அதுல அடுத்து வரப்போறதுக்கு மூளை நாங்க பண்ணுதோம், வெளியே தெரிஞ்சா என் சோலி முடிஞ்சது என்றான், எனக்குச் சிரிப்பு வந்தது, ஏலே, விளையாட்டுச் சாமானுக்கா இந்த ரகசியம் என்றேன், நீ நினைக்கறது இல்லம்மா, எப்ப வருது, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஊர்ப்பட்ட பேரு அலையுதாங்க என்றான், அலைகிறவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை வந்தது, அவன் வாங்கித் தந்த டேப்லெட்டில் தேடினேன், தமிழிலேயே ஒரு குரல் அறை கிடைத்தது, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடுவார்கள், முகம் காட்ட வேண்டாம், குரல்கள் மட்டும், எனக்கு வேறு என்ன வேண்டும், அவனோ வாரத்துக்கு ஒரு முறை நாலு வார்த்தை பேசுகிறவன், அவன் வேலையைப் பற்றி இங்கே தினமும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அறையை நடத்துகிற லோகு ஈரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறவர், அவரோடு மல்லுக்கு நிற்கிறவர் தர்மகுலன், யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் இரவு வேலை முடித்து வந்து தேநீர் குடிக்கிற நேரத்தில் அறைக்கு வருவார், ரெண்டாயிரத்து இருபத்தேழு தீபாவளிக்குப் பொட்டி வந்துருமுங்க, நான் எழுதியே தர்றேன் என்பார் லோகு, போன முறையும் எழுதித் தந்தனீர், அந்தக் கடுதாசி இன்னும் என்னட்டக் கிடக்கு என்பார் தர்மகுலன், மெமரி விலை ஏறிக் கிடக்கு, முப்பது ஜிபி போட்டால் ஒருத்தரும் வாங்கேலாது, இருபத்தெட்டிலும் வராது பாரும், அதுக்குத்தானுங்க கேம் தட்டு போடற வாயையே எடுத்துருவாங்க என்பார் லோகு, வேணும்னா தனியா வாங்கி மாட்டிக்கோணும், கையில தூக்கிட்டுப் போற சின்னப் பொட்டி ஒண்ணும் கூடவே வருமுங்க, ஓம் ஓம், உம்மட கடைச் சேலைக்கு இனாமாத் தருவினம், இப்படியே போகும், நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன், இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை, ஒருநாள் லோகு, ஓரமா தெனமும் உக்காந்திருக்கறது யாருங்க, ஒரு வணக்கமாச்சும் சொல்லுங்க என்றார், வணக்கம் தம்பி என்றேன், அய்யோ ஆன்ட்டிங்களா, நாங்க கெட்ட வார்த்தை எதும் பேசலியே, அன்றிலிருந்து என்னைக் கேட்டுவிட்டுத்தான் அறையையே மூடுவார்கள், ஆன்ட்டி, இன்னைக்கு யாருங்க ஜெயிச்சது என்பார் லோகு, யாரும் இல்ல தம்பி, என் கீரை கருகிப்போச்சு என்பேன்.

கார்த்திகையில்தான் சைலம் கூப்பிட்டு, எம்மா, தைத் தேதி முடியாது, மாசிக்குள்ள சிப் வரைபடத்தை அதைச் செய்யற ஆலைக்கு அனுப்பணும், வைகாசிக்கு மாத்திரு என்றான், ஜோசியரைப் பார்த்து, இந்துமதியின் அப்பாவைத் தென்காசிக்கே போய் உண்மைக் காரணத்தைச் சொல்லாமலே சமாதானப்படுத்தி, மண்டபத்தை விட்டுக்கொடுத்து, எல்லாம் நான்தான் செய்தேன், மார்கழியில் ஒரே ஒரு நாள் வந்தான், கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய், சட்டை அவன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது, அவன் பஸ் ஏறிப்போன மறுநாள் அறையில் தர்மகுலன் சொல்கிறார், பெட்டி ஏன் பிந்துது தெரியுமோ, சிப் செய்யிற ஆக்கள் நல்ல நித்திரை, அதுதான் விசயம், எல்லாரும் சிரிக்கிறார்கள், லோகுகூடச் சிரிக்கிறார், நான் சொல்கிறேன், சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போதும் என் காதில் என் குரல் கேட்கிறது, தூங்கலாம் இல்ல தம்பி, எம்மவன் கல்யாணத்தையே தையில இருந்து வைகாசிக்குத் தள்ளிட்டான், மாசிக்குள்ள ஆலைக்கு அனுப்பணும்னு ராவும் பகலும் உக்காந்து எட்டு கிலோ எளச்சிட்டான், அப்படியெல்லாம் பேசாதீங்க.

பிறகு ஒரு அமைதி, அந்த அமைதியை எனக்குத் தெரியும், லைனில் மூன்றாவது ஆள் இருக்கிறார் என்று பேசுகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அப்படி ஆகும், லோகு மெதுவாகக் கேட்டார், ஏனுங்க ஆன்ட்டி, தம்பிக்கு எந்த ஊருங்க வேலை, பெங்களூர் என்று அதையும் சொல்லிவிட்டேன், சொன்னவுடனே அறையை விட்டு வெளியே வந்தேன், பிறகு போகவே இல்லை, இரண்டு நாள் கழித்து லோகு ஒரு வீடியோ போட்டிருந்தார், என் குரல் இல்லை, என்னைப் பற்றிப் பேச்சு இல்லை, நமக்கு வேண்டப்பட்டவங்க வீட்டுக் கல்யாணம்னு மட்டும் வெச்சுக்குவோமுங்க என்று தொடங்கி, மாசியில வரைபடம் போகுது, ஆலையில நாலு மாசம், ஆடியிலதான் மொதல் சிப்பு கைக்கு வரும், வந்துட்டா பெங்களூர்க்காரங்களுக்கு மறுபடி தூக்கமில்லீங்க, நடுவுல மூச்சு விடற மாசம் வைகாசி, அதான் கல்யாணத்தைத் தையில இருந்து தள்ளி அங்க வெச்சிருக்காங்க, ஆடியில இருந்து பதினஞ்சு மாசம் எண்ணுங்க, நேரா இருபத்தேழு தீபாவளியில வந்து நிக்குமுங்க, அவ்வளவு அழகாக எண்ணியிருந்தார், ஜோசியர்கூட அப்படி எண்ணவில்லை, அந்த வாரமே அது இங்கிலீஷுக்குப் போயிற்று, இந்தியக் கல்யாணம் ஒன்று சொல்லிவிட்ட தேதி என்று ஊர் உலகமெல்லாம் பேசியது, அடுத்த திங்கட்கிழமை சைலத்தின் ஆபீஸில் அவனை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, தையிலிருந்து வைகாசிக்கு லீவை மாற்றி எழுதியவன் நீ ஒருத்தன்தான், யாரிடம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை வராதே என்று அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், எம்மா, இந்துமதி தம்பி எந்நேரமும் அந்தப் பெட்டியும் கையுமா கிடக்கறவன், அவன்கிட்ட இவ உளறியிருக்கா என்பான், நான் தொண்டையைச் செருமுவேன், அவ இல்லைன்னு அழுதா, அழுதா சரியாப்போச்சா என்பான், நான் சாப்பிட்டியா என்பேன், பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று, நாகசுரம் நின்றுவிட்டது, இப்போது பந்தி நடக்கும், வெயில் சன்னல் கம்பியைத் தாண்டி மேசைக்கு வந்துவிட்டது, ஏலே சைலம், அவ இல்ல, நான்தான் சொன்னேன் என்கிறேன்.

அவன் என்னைப் பார்க்கிறான், பார்த்துச் சிரிக்கிறான், காலையிலிருந்து முதல் சிரிப்பு, எம்மா, சும்மா இரி, கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னு நீ பழிய ஏத்துக்கிடுதே, எனக்குப் புரியாதா, இல்லலே, ஒரு அறை இருக்கு, குரல் அறை, நான் தினமும், அவன் கேட்கவில்லை, அப்பா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாரு, உங்கம்மா வாயில இருந்து ஒரு எழுத்து வாங்க முடியாதுலேன்னு, நீ போய்ச் சொன்னேன்னா யாரு நம்புவா, என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிறான், குழாய்ச் சத்தத்துக்கு மேலே கத்தி நான் மறுபடி சொல்கிறேன், அவன் தலையை ஆட்டிக்கொண்டே கழுவுகிறான், முப்பத்தொரு வருடம் நான் சேர்த்து வைத்தது என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுக் கழுவுகிறது, அக்கா என் கையை விட்டாலும் நான் காத்த நல்ல பேர், அதைக் கொண்டு ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்.

ஆறு மணிக்கு அவன் சட்டையை மாற்றிக்கொண்டு, அவங்க அப்பா நம்பரைக் கொடு என்று வந்து நிற்கிறான், தாரேன், அதுக்கு முன்னால இங்கன உக்காரு என்கிறேன், டேப்லெட்டை மேசையில் நிறுத்திச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன், உள்ளே தர்மகுலன் மெமரி விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார், தம்பி, நான் வந்திருக்கேன் என்கிறேன்.

அட, ஆன்ட்டிங்களா, எங்கீங்க போனீங்க இத்தனை நாளா, கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனைச்சோமுங்க. அம்மா, சுகமா இருக்கிறீங்களோ, மகன்ட கலியாணம் வைகாசிதானே, எங்களுக்கும் அழைப்புக் காட் வரும்தானே. தர்மா, சித்த இருங்க, ஆன்ட்டி, உங்களை நான் எங்கயுமே வெளிய காட்டலீங்க, அந்தத் தம்பிக்கு ஒண்ணும் சிக்கலில்லீங்களே.

சிக்கல்தான் தம்பி என்றேன்.

தர்மகுலனின் கோப்பை தட்டில் இறங்குகிற சத்தம் கேட்டது, அத்தனை கடல் தாண்டி அது கேட்டது, சைலம் கையை நீட்டித் தானே அதை அணைத்தான், இருட்டான கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் உங்க ஆபீசுக்கு எழுதித் தாரேன்லே, என்னமும் கையெழுத்துப் போட்டுத் தாரேன், அது நடக்காதும்மா, உன்கிட்ட சொன்னதே என் குத்தம்னுதான் சொல்லுவாங்க, எத்தனை நாளாத் தெரியும் உனக்கு, பத்தொன்பது நாள் என்றேன், பத்தொன்பது நாளா அவள நான் என்னல்லாம் பேசிட்டேன் தெரியுமா என்றான், சொல்லு என்று நான் கேட்கவில்லை, போன் அதிர்ந்தது, எடுத்துத் திருப்பிப் பேரைப் பார்த்தான், பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை, முதுகு தெரிகிறது, ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கிறது, பேசுகிறானா, கேட்டுக்கொண்டிருக்கிறானா, அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா, போனை வைத்துவிட்டாளா, குரல் இல்லாத ஒரு முதுகைப் பார்த்து என்ன நடக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, எழுந்து போய்க் காதை வைக்கலாம், நாலு அடிதான், நான் போகவில்லை, மூன்று நிமிடம் ஆகியிருக்கும், அதற்கு மேலும் ஆகிறது, மேசைமேல் அவன் குடிக்காத மோர் அசையாமல் இருக்கிறது.