மதியக் காட்சிக்குப் போனவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் ஒரு டீயில் தொடங்கியது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். போன வருடம் ஒரு நாடகக்காரர் தன் பழைய நாடகங்களைப் புத்தகமாகப் போட எங்களிடம் வந்தார். மெய்ப்புப் பார்த்த நாட்களில் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் டீ குடிக்கும்போது, "புதுசா எழுத ஒண்ணும் சிக்க மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார். நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள" என்றுதான் ஆரம்பித்தேன். புருஷன் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு மதியம், அவள் போனை அணைத்துவிட்டு நாடகம் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

நாடகக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

(அந்தப் பெண் என் அண்ணி. இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று முதல் வரைவில் முயன்றேன். நான்காம் பக்கத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: அன்று காலையிலிருந்தே வானம் மூட்டம் போட்டுக்கொண்டு

வேண்டாம். வானம் தெளிவாகத்தான் இருந்தது.

இரண்டாம் முயற்சி: அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்

இது துப்பறியும் கதைபோல் போகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேர் ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் கூடுவோம். அந்த மாதம் பார்த்த நாடகத்தைப் பற்றிப் பேசுவோம். இடம் கொடுப்பவர் பல் டாக்டரம்மா. எந்த நடிகர் எந்த எழுத்தை விழுங்குகிறார் என்பதுதான் முதலில் அவர் கண்ணில் படும். அடுத்தவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். மேடையில் ஒரு நாற்காலி அரை அடி தள்ளி இருந்தால்கூட அவருக்குப் பொறுக்காது. மூன்றாவது அண்ணி. நில அளவைத் துறையில் வேலை. நாளெல்லாம் வெயிலில் எல்லை அளந்துவிட்டு, சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு நாடகத்துக்கு வந்து நிற்பார்.

குழுவை ஆரம்பித்தது அண்ணனும் அண்ணியும்தான். அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. (அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்போம் என்று எழுத ஆசையாக இருந்தது. அப்படி எதுவும் கிடையாது. அந்த நாற்காலியில் டாக்டரம்மா பையை வைப்பார்.)

ஒரே ஒரு விதி. எந்த நாடகமானாலும் முதலில் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் குறை.

3

அந்த மாத நாடகத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேரும் சேர்ந்தே பார்த்தோம். எழுதியவர் யார் என்று தெரிந்துதான் போனேன். எதை எழுதியிருக்கிறார் என்று தெரியாது.

திரை விலகியதும் மேடையில் ஒரு பெண், நாடகக் கொட்டகை நாற்காலி ஒன்றில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால், மங்கலான வெளிச்சத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில். அவள் ஏதோ நகைச்சுவை நாடகம் பார்க்கிறாள். கட்டிலில் இருக்கும் கை மெல்ல உயர்கிறது. அவள் சிரிக்கிறாள். கை இன்னும் உயர்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கை விழுகிறது.

ஐந்தாவது நிமிடத்திலேயே இது டீ குடிக்கும்போது நான் சொன்ன விஷயம்தான் என்று தெரிந்துவிட்டது. அண்ணி என் வலப்பக்கம் இருந்தார். முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கைகளைப் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்து, மூடி, பாதி திறந்து, மூடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "எனக்குக் கால் வலிக்குது, டாக்ஸில போறேன்" என்று கிளம்பிவிட்டார். எப்போதும் பஸ் நிறுத்தம்வரை பேசிக்கொண்டே நடப்போம்.

மறுநாள் அவர் வரமாட்டார் என்று நம்பினேன். வரக்கூடாது என்று வேண்டினேன் என்பதுதான் சரி. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

4

டாக்டரம்மா தொடங்கினார். "நல்லதுன்னா அந்தச் சிரிப்புதான். முன்னால சிரிப்பு, பின்னால சாவு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

"நல்லது நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் லிஃப்ட்காரர். "லைட்டிங். போன மாசம் பாத்தோமே, மூணு ஸ்டூலையும் ஒரு கயிறையும் வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் அறுத்தாங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை. குறைக்கு வரேன். அந்தப் பொம்பள மேல எனக்கு இரக்கமே வரல. எழுதினவர் நாம இரக்கப்படணும்னு நெனைக்கறார். எதுக்கு? புருஷன் மூச்சுக்குத் தவிக்கறான், இவ ஜோக்குக்குச் சிரிக்கறா. இதுல புரிஞ்சுக்க என்ன இருக்கு?"

"பயந்து ஓடிப்போயிருக்கலாம் இல்ல?" என்றார் டாக்டரம்மா.

"பயந்தவ வராந்தாவுல உக்காருவா. டிக்கெட்டக் கிழிக்கக் குடுத்துட்டு உள்ள போய் உக்கார மாட்டா. அது திமிரு."

அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

"அவ சிரிக்கல" என்றார் அண்ணி.

"சிரிச்சாளேம்மா. மூணு தடவை சிரிச்சா."

"மேடையில சிரிச்சா. நிஜத்துல சிரிச்சிருக்க மாட்டா." அண்ணியின் குரல் எல்லைத் தகராறில் இரண்டு கட்சிக்கும் நடுவே நின்று அளவு சொல்லும்போது இருப்பதுபோலத் தட்டையாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் சொல்லலையே, தம்பி. உனக்கு எப்படி இருந்துது?"

(இந்த இடத்தில் 'நான்' என்கிற கதாபாத்திரத்தைக் கொஞ்சம் நல்லவனாக்கிப் பார்த்தேன். ஒரு வரைவில் அவன் எழுந்து நின்று உண்மையை ஒப்புக்கொள்கிறான். இன்னொன்றில் கண் கலங்கி வெளியே போகிறான். இரண்டையும் அடித்துவிட்டேன். நான் சொன்னது இது.)

"அந்தப் பாத்திரம் இன்னும் முழுசா வரலைன்னு தோணுது" என்றேன்.

அண்ணி தலையசைத்தார். மாணவன் தவறான விடை சொன்னதும் அடுத்தவனிடம் போகிற ஆசிரியர் மாதிரி, லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"அது நான்தாங்க" என்றார்.

5

அண்ணி சொன்னதை அவர் சொன்னபடியே எழுத முயல்கிறேன். கமா போடுவது மட்டும் என் வேலை.

"ரெண்டு டிக்கெட்டும் ஒரு மாசம் முன்னாடியே எடுத்தது. அதுக்குள்ள அவரை ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு. அன்னிக்கு மதியம் கொஞ்சம் தெளிவா இருந்தார். 'நீ போய்ப் பாரு, வந்து எனக்குக் கதை சொல்லு'ன்னார். மாட்டேன்னேன். 'பதினோரு நாளா என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்க, எனக்கே அலுப்பா இருக்கு, போ'ன்னார். போனேன். எந்த சீன்ல யாரு எங்க நின்னாங்கன்னுகூட மனசுல குறிச்சு வச்சேன், சொல்லணுமேன்னு. சிரிப்பெல்லாம் வரல. மறந்துடக் கூடாதேங்கற கவலைதான்."

அண்ணி கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"வெளிய வந்து அணைச்சிருந்த போனைப் போட்டேன், அத்தனை மிஸ்டு கால். ஓடி வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல பெரியப்பா நிக்கறார். 'மருந்து கெடச்சுதாம்மா?'ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. பின்னால இவன் நிக்கறான். என் கையில டிக்கெட்டப் பாத்துட்டு, கண்ணைக் காட்டறான். இவன்தான் எல்லார்கிட்டயும் நான் மருந்து வாங்கப் போயிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கான். நானும் தலையாட்டிட்டேன். அந்தத் தலையாட்டல்ல மாட்டினவதான். அப்புறம் எந்த வாயால 'அவர் போகச் சொன்னார், போனேன்'னு சொல்றது? மூணு வருஷமா ஒரு தப்பும் பண்ணாம திருடி மாதிரி இருக்கேன்."

மூன்று வருடமாக நான் அண்ணியைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் எல்லோரும் அவரை மதிப்பதற்கு நான்தான் காரணம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைதான் டீக்கடையில் வாயைத் திறந்தது.

லிஃப்ட்காரர் கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் உங்க பேச்சை நிறுத்தாம கேட்டேன். என்னைப் பத்தி மூஞ்சிக்கு நேரா யாரும் அபிப்பிராயம் சொன்னதில்ல."

டாக்டரம்மா எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற காகிதக் கப்பில்தான் இருந்தது. அண்ணி முழுவதையும் குடித்தார்.

6

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். "அண்ணி, நான் பேர் சொல்லல."

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லியிருக்க." ஒரு படி கீழே நின்றபடி நிமிர்ந்து பார்த்தார். "திட்டறதுக்கு எனக்குத் தெம்பில்ல. ஒரு வேலை செய். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குக் கடைசிக் காட்சி. நான் டிக்கெட் எடுத்திருக்கேன். அதுக்குள்ள அந்த ஆள்கிட்டப் போய் ஒரு வரி சேக்கச் சொல்லு. 'அவர்தான் போகச் சொன்னார்.' அவ்வளவு போதும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

"சரி அண்ணி."

"இன்னொண்ணு. நீ இதையும் எழுதுவ. எனக்குத் தெரியும், உன் மூஞ்சியிலயே இருக்கு. எழுது. ஆனா நான் கடைசில என்ன ஆனேன்னு நீ சொல்லாத."

(அதற்கும் சரி என்றேன். ஆகவேதான் இந்தக் கதை இப்படி இருக்கிறது.)

7

இனி வருவதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன்.

அண்ணன் இறந்த அன்று, அண்ணி நாடகத்துக்குக் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் நான் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தேன். அந்த நேரத்தில் அண்ணன் என்ன சொன்னாரோ, அது என் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "நாடகத்துக்குப் போயிட்டு வரேன்" என்றார், அவ்வளவுதான். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வழியனுப்பிவிட்டுக் களைத்துத் திரும்பியிருக்கலாம். கோபித்துக்கொண்டும் திரும்பியிருக்கலாம். ஒரு முதுகைப் பார்த்து என்ன தெரியும்?

அண்ணி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால், நடக்க வேண்டியிருந்தது நடந்ததாகவே ஆகிவிடும் என்று மட்டும்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்தக் கதையின் மூன்றாம் வரைவை அந்த வாரம் வியாழக்கிழமை எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணி போன பிறகு, மூன்று மணி சுமாருக்கு, அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஆரம்பிச்சிருக்குமா?" காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்து, "தூங்குண்ணா" என்றேன்.

எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு அழுதேன். அண்ணி சொன்னது நிஜம். அண்ணனே அவருக்குச் சாட்சி.

வெள்ளிக்கிழமை காலை அதையே திரும்பப் படித்தேன். பிழை திருத்துகிறவன் கண்ணோடு படித்தேன். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நினைவுக்கு வராத ஒரு வாக்கியம், கதைக்குத் தேவைப்பட்ட வியாழக்கிழமை, கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் அப்படிக் கேட்டாரா, நான் அவரைக் கேட்க வைத்தேனா? கண்ணை மூடினால் அவர் குரலில்தான் கேட்கிறது. என் பாத்திரங்கள் எல்லோருடைய குரலும் எனக்கு அப்படித்தான் கேட்கும்.

8

சனிக்கிழமை ஐந்தேகால் மணிக்கு மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குப் போனேன். ஒரு வாரத்தில் ஏன் முன்பே போகவில்லை என்று கேட்காதீர்கள். தினமும் அச்சகத்திலிருந்து கிளம்பினேன், பாதி வழியில் திரும்பினேன்.

கண்ணாடி முன்னால் நடிகை தலையில் க்ளிப் குத்திக்கொண்டிருந்தாள். நாடகக்காரர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார் என்று எழுதினேன், அடித்துவிட்டேன், அவர் எதுவும் தின்னவில்லை. பிரதியை மடியில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் யார் என்பதையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"வந்திருக்காங்களா?"

"மூணாவது வரிசை. இப்பதான் உள்ள போய் உக்காந்தாங்க."

பிரதியை மடியிலிருந்து கையில் எடுத்தார். "ஒரு வரி சேத்தா மொத்த நாடகமும் மாறிடும், தெரியுமில்ல? இத்தனை நாள் ஜனங்க அவளைத் தண்டிச்சிட்டுப் போனாங்க. இனிமே அவளுக்காக அழுவாங்க."

"தெரியும்."

"சேக்கறேன். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சமாதானத்துக்காக ஒரு பொய்ய மேடையில ஏத்த மாட்டேன். ஏற்கெனவே அவங்க சிரிச்சதா ஒரு பொய் ஏத்திட்டேன், அதுவே போதும்." பென்சிலை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, முனையைக் காகிதத்தில் ஊன்றினார். "நீங்க அங்க இருந்தவரு. அவர் போகச் சொன்னாரா, இல்லையா?"

நடிகை க்ளிப்பை வாயில் கவ்வியபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

'ஆமாம்' என்று எழுதிப் பார்த்தேன். அந்த வரைவில் அண்ணி மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்காருகிறார், நான் என் கற்பனையைச் சாட்சியாக விற்றவனாகிறேன். 'எனக்குத் தெரியாது' என்றும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் யோக்கியன். சிரிப்பு அப்படியே இருக்கிறது, கை விழுகிறது, மூன்றாவது வரிசையில் ஒரு ஜிப் திறந்து மூடுகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். அன்று நான் வாயைத் திறந்து ஒன்றைச் சொன்னேன், அது நடந்தும்விட்டது. ஆனால் அண்ணி கடைசியில் என்ன ஆனார் என்று சொல்வதில்லை என்று படிக்கட்டில் நான் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. இந்த ஒன்றையாவது மீறாமல் இருக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். ஒரு முதுகு, ஒரு கேன்டீன், ஒரு வியாழக்கிழமை. ஒரு சொல்கூட மிச்சம் வைக்கவில்லை. நான் விலகிக்கொள்கிறேன், நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள். மணி ஐந்து நாற்பது. வெளியே ஆட்கள் உட்காரும் சத்தம் கேட்கிறது. நாடகக்காரர் பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சொல்லுங்க" என்கிறார்.